டெல்டாவில் குட்டைக் கழுதை வளர்ப்பு: மாசி முதல் ஆடி வரை

கழுதை வெயிலுக்கு அஞ்சாத பிராணி. அதன் மூதாதை ஆப்பிரிக்காவின் வறண்ட நிலத்துக் காட்டுக்கழுதை. காய்ந்த புல்லும் கொஞ்சம் தண்ணீரும் அதற்குப் பரம்பரைப் பழக்கம். ஆனால் காவிரி டெல்டாவின் கோடை வெறும் வெயில் அல்ல. சித்திரையில் ஒரு வாரம் வயல் வெடித்துக் கிடக்கும். அடுத்த வாரம் இடியோடு மழை கொட்டும். நாலைந்து நாளில் வரப்பெல்லாம் பச்சை கிளம்பும், அதன் பின்னாலேயே கொசுவும் ஈயும் வரும். ஆனியில் மேட்டூர் தண்ணீர் வாய்க்காலுக்கு வந்துவிட்டால் நிலத்தின் முகமே மாறிவிடும். இங்கே கழுதையைப் படுக்க வைப்பவை பெரும்பாலும் இந்த மாற்றங்கள்தான். புதிதாக வளர்க்க வருபவர்கள் வெயிலுக்கு ஒரு கொட்டகை போட்டுவிட்டு, மழைக்கும் பச்சைப் புல்லுக்கும் எந்த ஏற்பாடும் செய்யாமல் இருந்துவிடுகிறார்கள். அதனால் இந்தக் கட்டுரை மாத வரிசைப்படி போகிறது.

மாசிக்கு முன்: எது, எத்தனை, எங்கே

மினியேச்சர் கழுதை என்று உலகம் சொல்வது சிசிலி, சார்டினியா தீவுகளிலிருந்து வந்த குட்டை இனத்தை. தோள் உயரம் 36 அங்குலத்துக்குள், அதாவது 91 சென்டிமீட்டருக்குள் இருக்கும். நம் ஊர்ச் சாம்பல் கழுதையும் உயரத்தில் அதற்குப் பக்கத்தில்தான் வரும். இந்த வெயிலிலும் ஈரக்காற்றிலும் தலைமுறைகளாக அழுக்கு மூட்டை சுமந்து பழகியது. புதிதாகத் தொடங்குபவருக்கு என் ஓட்டு அதற்கே. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியா முழுக்கவே கழுதைகள் சுமார் 1.2 லட்சம்தான் இருந்தன. 2012-ஐ விட 60 சதவீதத்துக்கு மேல் குறைவு. வெளிநாட்டு இனத்தைத் தேடி அலைவதற்கு முன் இதையும் யோசியுங்கள்.

ஒன்றை மட்டும் வாங்காதீர்கள். இரண்டு வேண்டும், முடிந்தால் ஏற்கெனவே சேர்ந்து வளர்ந்த இரண்டு. கழுதைகள் ஜோடி சேர்ந்து பழகும். துணையைப் பிரித்தால் தீனியை விட்டுவிடும். குட்டைக் கழுதை தீனியை விடுவது எவ்வளவு ஆபத்து என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டுக்கு அரை ஏக்கராவது வேண்டும், நம் கணக்கில் ஒன்றரை மா. அதில் ஒரு பகுதி திடலாக, தண்ணீர் தேங்காத மேடாக இருப்பது கட்டாயம். முழுக்க நஞ்சை வயலாக இருந்தால் கழுதைக்கு அது ஆகாது. கொட்டகைக்குச் சுமார் 100 சதுர அடி போதும். கீற்று வேய்ந்தால் தகரத்தைவிட நன்றாகக் குளிரும். தகரம்தான் முடியும் என்றால் மேலே கீற்றோ வைக்கோலோ பரப்பி, கூரையைக் கழுதையின் முதுகிலிருந்து ஆறடிக்காவது மேலே தூக்குங்கள். கிழக்கும் தெற்கும் திறந்து, மேற்குப் பக்கம் அடைத்து வைத்தால் பிற்பகல் வெயிலும் ஆடிக்காற்றும் நேராகத் தாக்காது, கடல் காற்றும் உள்ளே வரும். கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்பார்கள். அது கெட்டுப்போய் அங்கே நிற்கவில்லை, நிழலுக்குத்தான் நிற்கிறது. ஒரு பழைய சுவர் கொல்லையில் நின்றால் இடிக்காமல் விட்டுவையுங்கள்.

வேலி விஷயத்தில் டெல்டாக்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும். கிளுவை வேலி நல்லது, மூங்கில் படலும் சரி. முள்கம்பி வேண்டாம். வேலியிலும் வாய்க்கால் ஓரத்திலும் காட்டாமணக்கு, நெய்வேலிக் காட்டாமணக்கு, அரளி, ஆமணக்கு, உண்ணிச்செடி இருந்தால் மாசிக்குள் வெட்டி அப்புறப்படுத்துங்கள். நல்ல புல் இருக்கும் வரை கழுதை இவற்றைத் தொடாது. பங்குனியில் எல்லாம் காய்ந்து, ஊதாப் பூவோடு நெய்வேலிக் காட்டாமணக்கு மட்டும் பச்சையாக நிற்கும்போதுதான் வாய் வைக்கும். வெட்டிய கொம்பை அங்கேயே போட்டு வைக்காதீர்கள். வாடிய இலையிலும் விஷம் இருக்கிறது.

மாசி, பங்குனி: தீனியைச் சேர்த்து வைத்தல்

சம்பா அறுவடை முடிந்ததும் வயல் சும்மா கிடக்கிறது என்று நினைத்துக் கழுதையை விட்டுவிட வேண்டாம். பல வயல்களில் அறுப்புக்கு முன்பே உளுந்தோ பயறோ தெளித்திருப்பார்கள். பக்கத்து வயலில் ஒரு காலை நேரம் கழுதை புகுந்தால் போதும், ஊரில் பேச்சு நிற்காது. உளுந்து எடுத்த பிறகு, கிடை ஆடுகள் வந்து போன பிறகு, நில உரிமையாளரைக் கேட்டுக்கொண்டு விடுங்கள்.

குட்டைக் கழுதைக்கு ஒரு நாளைக்கு அதன் எடையில் 1.3 முதல் 1.8 சதவீதம் அளவுக்குக் காய்ந்த தீனி போதும். 110 கிலோ கழுதை என்றால் ஒன்றரை முதல் இரண்டு கிலோ. இதைக் கேட்டால் மாடு வளர்த்தவர்கள் நம்ப மாட்டார்கள். அவர்கள் கை தாராளம்தான் இங்கே பிரச்சினை. தீனியில் பெரும்பகுதி வைக்கோலும் காய்ந்த அருகம்புல்லும், காய்ந்த வரப்புப் புல்லும். உளுந்தங்கொடி, கடலைக்கொடி சத்து அதிகம், ருசிக்கு ஒரு கைப்பிடி சேர்க்கலாம். எந்தக் காய்ந்த தீனியானாலும் எடுத்தவுடன் மோந்து பாருங்கள். மக்கல் வாசனை அடித்தாலோ, உதறும்போது வெள்ளைத் தூசு பறந்தாலோ கழுதைக்கு வேண்டாம். ஒரு மழை நனைந்து மேலே மட்டும் காய்ந்த வைக்கோல் கட்டில், உள்ளே கை விட்டால் கதகதவென்று இருக்கும். அந்தக் கட்டு எருக்குழிக்குத்தான்.

இனி மாட்டுத் தீனி. கடையில் விற்கும் மாட்டுத் தீவனம் கழுதைக்கு ஆகாது. சில கலவைகளில் மொனென்சின் என்ற மருந்து சேர்ப்பார்கள். மாட்டுக்கு அது நல்லது செய்யும், குதிரை, கழுதை இனத்துக்கு இதயத்தைப் பழுதாக்கிக் கொல்லும். யூரியா தெளித்துப் பதப்படுத்திய வைக்கோல், மாடு நக்கும் யூரியா வெல்லக் கட்டி இரண்டும் வேண்டாம். வீட்டு மிச்சச் சோறு, கஞ்சி, மாவு, கல்யாண வீட்டு இலைச் சாப்பாடு எதுவும் வேண்டாம். வெறும் உப்புக் கட்டி ஒன்றைத் தொங்க விடுங்கள், போதும்.

கோ-4, கோ-5 தீவனப்புல்லைப் பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள். பால் மாடு உள்ள வீடுகளில் பம்ப்செட் ஓரம் அதுதான் நிற்கும். அந்த நேப்பியர் வகைப் புல்லில் ஆக்சலேட் அதிகம். கழுதையின் குடலில் அது சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்புக்குப் போய்ச் சேராது. அதோடு தவிடும் தினம் கொடுத்தால், தவிட்டிலுள்ள பாஸ்பரஸ் இன்னும் கெடுக்கும். மாதக்கணக்கில் போனால் எலும்பிலிருந்து சுண்ணாம்பு உருவப்பட்டு முக எலும்பு வீங்கும், நடை நொண்டும். பசும்புல்லும் தவிடும் நல்ல கவனிப்பு என்று நாம் நினைப்போம். கழுதைக்கு அந்தச் சேர்மானமே வேண்டாம். கோ-4 எப்போதாவது இரண்டு தாள் என்றால் பரவாயில்லை.

இந்த மாதங்களிலேயே டெட்டனஸ் தடுப்பூசியும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் போட்டுவிடுங்கள். பல்லையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். ஓரத்துப் பல் கூர்ந்து கன்னத்தைக் குத்தினால் வைக்கோலை மென்று உருண்டையாகத் துப்பும்.

சித்திரை, வைகாசி: கத்திரி

அக்னி நட்சத்திரம் சித்திரை 21-இல் தொடங்கி வைகாசி 14 வரை, ஏறக்குறைய மே 4 முதல் 28 வரை. திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கம் 40 டிகிரி சாதாரணம். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் எண் குறைவாக இருந்தாலும் புழுக்கம் அதிகம். கழுதைக்குப் புழுக்கம்தான் கஷ்டம். வேர்வை உலராவிட்டால் உடம்பு குளிராது. மேல்காற்று ஓங்கிக் கடல் காற்று உள்ளே வராத நாட்களில் கடற்கரை ஊர்களிலும் அனல் பறக்கும். பிற்பகல் மூன்று மணிக்கும் காற்று திரும்பவில்லை என்றால் அன்று மாலை மேய்ச்சலை ஆறு மணிக்குத் தள்ளிப் போடுங்கள்.

மேய்ச்சல் நேரம் விடிந்ததும் ஒன்பது மணி வரை, பிறகு ஐந்து மணிக்கு மேல். நடுவில் கொட்டகையில் வைக்கோல். முன்னங்கால் இரண்டையும் சேர்த்துக் கட்டி விடும் பழக்கம் இன்னும் இருக்கிறது, செய்யாதீர்கள். முளையடித்துக் கட்டுவதும் கோடையில் கூடாது. காலை எட்டு மணிக்கு வேப்ப மரத்தடியில் நிழலில்தான் கட்டியிருப்பீர்கள். பதினொரு மணிக்கு நிழல் மரத்தின் அந்தப் பக்கம் போயிருக்கும், கயிறு போகாது. தண்ணீர்ச் சட்டியும் கவிழ்ந்து கிடக்கும். வேலிக்குள் அவிழ்த்து விட்டால் அதுவே இடம் பார்த்து நின்றுகொள்ளும்.

தண்ணீர் ஒன்றுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டராவது தயாராக இருக்கட்டும். கழுதை தாகத்தைத் தாங்கும். அதனால் வெளியே காட்டாது, நமக்குத் தெரியவரும்போது நிலைமை முற்றியிருக்கும். தோலைக் கிள்ளிப் பார்க்கும் சோதனை கழுதையிடம் நம்பகமில்லை. பல் ஈறைத் தொட்டுப் பாருங்கள், ஈரமாக வழுக்க வேண்டும், ஒட்டினால் தண்ணீர் போதவில்லை. சாணியையும் பாருங்கள், உருண்டை சிறுத்து வறண்டு போனால் அதே அர்த்தம். வைக்கோல் தின்று தண்ணீர் குறைந்தால் குடல் அடைத்துக்கொள்ளும். சுத்தமில்லாத தண்ணீரைக் கழுதை குடிக்காது. பாசி பிடித்த தொட்டி பக்கம் வந்து மோந்து பார்த்துத் திரும்பிவிடும். கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி வெயிலில் இருந்தால் மதியம் தண்ணீர் சுடும். சிமெண்டுத் தொட்டி அல்லது பாதி மண்ணில் புதைத்த தொட்டி, நிழலில், தினம் ஒருமுறை கழுவி. கடலோரக் கிராமங்களில் போர் தண்ணீர் உப்புக் கரித்தால் நீங்கள் வாயில் வைத்துப் பாருங்கள். உங்களால் குடிக்க முடியாததை அதற்கும் வைக்க வேண்டாம்.

வெயில் தாக்கியிருக்கிறதா என்று பார்க்க ஒரு தெர்மாமீட்டரும் ஒரு நோட்டும் வேண்டும். கழுதையின் சாதாரண வெப்பம் 36.2 முதல் 37.8 டிகிரி, சராசரி 37.1. மூச்சு நிமிஷத்துக்குச் சராசரி 20. உங்கள் கழுதை நன்றாக இருக்கும்போதே, சித்திரை பிறப்பதற்கு முன், ஒரு வாரம் காலையில் எடுத்து எழுதி வையுங்கள். பசுமாட்டுக்கு 38.5 சாதாரணம், கழுதைக்கு அது காய்ச்சல். மாடு பார்த்தே பழகிய டாக்டரிடம் இந்த நோட்டைக் காட்டினால் பேச்சு சுலபமாகும்.

மூக்குத்துளை விரிந்து மூச்சு வாங்குகிறது, தீனியைத் தொடவில்லை, தள்ளாடுகிறது என்றால் யோசிக்காமல் நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றுங்கள். ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், மேலே காற்று பட வேண்டும். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஜன்னி வந்துவிடும் என்று பக்கத்தில் நிற்பவர்கள் தடுப்பார்கள், கேட்காதீர்கள். ஈரச் சாக்கைப் போர்த்திவிட்டுப் போவதுதான் தப்பு, சாக்கு சூடாகி உள்ளே புழுங்கும். குடிக்கத் தண்ணீர் முன்னால் இருக்கட்டும், வாயில் ஊற்ற வேண்டாம்.

நல்ல நாளில் தினசரிக் குளியல் தேவையில்லை. புழுதியில் புரள ஓர் இடம் கொடுங்கள், அதுதான் அதற்குக் குளியல். கொள்ளிடப் படுகையில் மேய்ப்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். புல் கட்டையாகிவிட்ட மணலில் மேய்ந்தால் மணலும் உள்ளே போய் வயிற்றில் படியும். அங்கே போகும் முன் கொட்டகையில் வைக்கோல் தின்னக் கொடுங்கள்.

கோடை மழை

இந்தப் பகுதியைத்தான் புதியவர்கள் தவற விடுகிறார்கள்.

மழைக்கு முன்: மேகம் கறுத்து இடி கேட்டவுடனே கொட்டகைக்கு ஓட்டுங்கள். வயல் நடுவில் தனியாக நிற்கும் பனையடியிலும் தென்னையடியிலும் ஒதுங்க விடாதீர்கள், அங்கேதான் இடி இறங்கும். குதிரை மயிரில் இருக்கும் எண்ணெய்ப்பசை கழுதைக்கு இல்லை. மழை தோல் வரை இறங்கிவிடும். 40 டிகிரி வெயிலில் நின்றது அரை மணி நேரத்தில் நடுங்கும், குட்டி என்றால் சளி நெஞ்சுக்கு இறங்கும். பழைய சாக்கால் அழுத்தித் துடைத்து, வைக்கோல் பரப்பிய இடத்தில் நிறுத்துங்கள். தரை ஈரமானால் அன்றே மாற்றுங்கள்.

மழைக்கு மறுநாள்: குளம்பு. காய்ந்து கருங்கல் மாதிரி இருந்த களிமண்ணில் நடந்த குளம்பு திடீரென்று சேற்றில் ஊறினால் ஓரம் பிளக்கும், நடுவில் அழுகும். தினமும் மாலை நான்கு காலையும் தூக்கி, மழுங்கிய ஆணியாலோ குச்சியாலோ சேற்றை எடுங்கள். நாற்றம் வந்தால் அழுகல் தொடங்கிவிட்டது. குளம்பு வெட்டுவது ஆறு முதல் பத்து வாரத்துக்கு ஒருமுறை. ஆளைச் சித்திரைக்கு முன்பே பேசி வையுங்கள். வெடித்த வயலில் விடாதீர்கள். வெடிப்பு அகலமானால் குட்டைக் கழுதையின் கால் உள்ளே போகும்.

மழைக்கு நாலாம் நாள் முதல்: பச்சைப் புல். இதுதான் பெரிய ஆபத்து. இரண்டு மாதம் வைக்கோலில் இருந்த வயிறு இளம்புல்லை ஒரே நாளில் வயிறு முட்டத் தின்றால் வயிற்று வலி வரும், குளம்புக்குள் அழற்சி வரும். முதல் நாள் ஒரு மணி நேரம் மட்டும், அதுவும் வைக்கோல் தின்ற பிறகு, காலையில். பிறகு தினம் கொஞ்சமாகக் கூட்டி இரண்டு மூன்று வாரத்தில் பழக்குங்கள். மூங்கில் படலால் துண்டு துண்டாகத் தடுத்துத் திறப்பது எளிது. மழையோடு முளைத்த இளஞ்சோளம் பக்கத்தில் இருந்தால் அந்தப் பக்கமே வேண்டாம், அதில் சயனைடு உண்டு.

குளம்பு அழற்சி வந்த கழுதை நொண்டிக்கொண்டு நம்மிடம் வந்து காட்டாது. அதிக நேரம் படுத்திருக்கும். நிற்கும்போது ஒரு காலிலிருந்து மறு காலுக்குப் பாரத்தை மாற்றிக்கொண்டே இருக்கும், திரும்பும்போது மெல்லத் திரும்பும். குளம்பின் மேல் கை வைத்தால் சூடு தெரியும். பச்சையை உடனே நிறுத்தி, காலைக் குளிர்ந்த தண்ணீரில் நிறுத்தி, டாக்டரை அழையுங்கள். கழுத்தின் மேல் ஓரம் தடித்துக் கெட்டியாகக் கைக்குத் தட்டுப்பட்டால் கழுதை கொழுத்திருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்டதற்கு இந்த நாட்களில் பச்சை இன்னும் குறைவாக.

ஆனால் கொழுத்ததைப் பட்டினி போட்டு இளைக்க வைக்கப் பார்க்காதீர்கள். கொழுத்த குட்டைக் கழுதை எந்தக் காரணத்தாலாவது சாப்பிடாமல் இருந்தால், உடம்புக் கொழுப்பு அத்தனையும் ரத்தத்துக்கு வந்து கல்லீரலையும் சிறுநீரகத்தையும் அடைத்துவிடும். ஓரிரு நாளில் உயிர் போகும். அதனால் கழுதை ஒரு வேளைத் தீனியைத் தொடாமல் காதைத் தொங்கப் போட்டு நின்றால் நாளைக்குப் பார்ப்போம் என்று விடாதீர்கள். கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962. தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

மழைக்குப் பத்தாம் நாள்: ஈ, கொசு. கண் ஓரத்திலும் காலில் உள்ள கீறலிலும் ஈ உட்கார்ந்தால் அங்கே புழு இறங்கி ஆறாத புண்ணாகும். சின்னக் கீறலையும் கழுவி, மருந்து போட்டு, மூடி வையுங்கள். சாணியைத் தினமும் அள்ளுங்கள், ஈ பெருகுவது அதில்தான். மாலையில் வேப்பிலை மூட்டம் போடலாம், கொட்டகைக்கு வெளியே, காற்று வரும் பக்கத்தில். உள்ளே போட்டால் கழுதை இருமும். ரத்தம் குடிக்கும் பெரிய மாட்டு ஈ பரப்பும் சர்ரா நோயைக் கவனத்தில் வையுங்கள். விட்டு விட்டுக் காய்ச்சல், இளைப்பு, காலிலும் அடிவயிற்றிலும் வீக்கம் என்றால் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

ஆனி, ஆடி: தண்ணீர் வந்த பிறகு

மேட்டூர் அணையைக் குறுவைக்குத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. கல்லணை தாண்டிக் கடைமடைக்குத் தண்ணீர் வரச் சில நாள் ஆகும். அதற்குள் கழுதை வழக்கமாக இறங்கி மேயும் வாய்க்காலைத் தடுத்துவிடுங்கள். வறண்ட வாய்க்காலில் இறங்கிப் பழகியது தண்ணீர் வந்த பிறகும் அதே வழியில் போகும், கரை வழுக்கும்.

குறுவை நாற்றங்கால் தொடங்கியதும் வரப்பு மேய்ச்சலை நிறுத்துங்கள். களைக்கொல்லி தெளித்த வரப்பு இரண்டு நாளைக்குப் பச்சையாகத்தான் தெரியும். யூரியா மூட்டையை வரப்பில் பிரித்து வைத்துவிட்டு டீக்குப் போகும் வழக்கமும் ஊரில் உண்டு. இந்த மாதங்களில் திடலும் கொட்டகையும் போதும், பசித்தால் வைக்கோல்.

ஆடிக்காற்றுக்கு முன் கீற்றை இறுக்கிக் கட்டுங்கள். மேற்குத் தடுப்பில் ஓட்டை இருந்தால் மண்தூசு நேராகக் கண்ணில் அடிக்கும், கண்ணில் நீர் வழிந்தால் ஈயும் வந்துவிடும். சாணியைப் பொட்டலத்தில் எடுத்துப்போய்ப் புழு முட்டை இருக்கிறதா என்று பார்த்து, டாக்டர் சொன்ன பிறகே குடற்புழு மருந்து கொடுங்கள். ஆட்டுக்கு வாங்கிய பாட்டிலில் மிச்சம் இருப்பதைக் கண்ணளவாக ஊற்றாதீர்கள். மருந்து எடைக்குத்தான், அதனால் போகும் முன் நெஞ்சுச் சுற்றளவையும் தோள் உயரத்தையும் டேப்பால் அளந்து அதே நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள்.